செவுளைத் தூக்கிக் காட்டிய ஜீப்

அக்கா,

இன்று காலை சிட்லபாக்கத்திலிருந்து ஒரு சார் தன் பழைய ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். திங்கட்கிழமை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டுமாம், சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதுமாம். கீழே படுத்து உள்ளே நகர்ந்தேன். குப்பென்று புதுக் கறுப்புப் பெயின்ட் வாசனை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கப் பளபளவென்று மின்னியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. ஆனால் அந்த வாசனை வந்தால் போதும், நீ என் தலைமாட்டில் நின்று திட்டுவது கேட்கும்.

மீன்காரிக்கு ஜீப் எதற்கு என்று தாம்பரம் மார்க்கெட்டில் கேட்காத ஆள் இல்லை. கோவளத்தில் மற்ற வியாபாரிகளின் வண்டியெல்லாம் ரோட்டோடு நின்றுவிடும். நீ மட்டும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, நாலு சக்கரமும் இழுக்கிற அந்தக் கிழட்டு டீசல் ஜீப்பை மணலில் இறக்கிப் படகுக்குப் பக்கத்திலேயே நிறுத்துவாய். முதல் கூடை உனக்குத்தான். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஏழு மணிக்குள் தாம்பரத்தில் கடை விரித்துவிட்டு, புதிதாக வாங்கிய செல்போனிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாய். வண்டி மக்கர் பண்ணாமல் வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

அந்த மணலும் உப்புத் தண்ணீரும்தான் வண்டியைத் தின்றன. வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்திருந்தது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் காட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கினால்தான் இனி ரோட்டில் ஓட்டலாம். பின்சக்கரத்துக்கு மேலே சேசிஸில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தது. வெட்டியெடுத்து வேறு தகடு வைக்கப் பத்து நாள் வேண்டும். நீயோ ஒரு நாள்கூட வண்டி நிற்கக் கூடாது என்றாய். ஊரில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே இரண்டு கை கறுப்பு அடித்தேன். உன்னிடம் மூச்சுவிடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் சின்னச் சுத்தியலோடு குனிந்தார். அதிகம் பேசாத மனிதர். மூன்றாவது தட்டில் என் பட்டி மொத்தமும் பெயர்ந்து அவர் ஷூ மேலேயே விழுந்தது. "எடுத்துட்டுப் போங்க" என்றார், அவ்வளவுதான். வரிசையில் நின்ற டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. நீ அந்தப் பட்டித் துண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாய். பட்டறைக்கு வந்ததும் அவிழ்த்து என் மேசைமேல் வைத்தாய்.

"நான் மீனு விக்கசொல்ல, யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே செவுளத் தூக்கிக் காட்றேன். செவப்பா கீதா, நீயே பாத்துக்கோன்றேன். நீ இன்னாத்துக்குடா மூடி வச்சே? அது மேலதானே நான் தெனம் உக்காந்துகினு வரேன்?"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள்கூட நிறுத்தமாட்டேன் என்று அடம்பிடித்தது யார் என்று எகிறினேன்.  அந்த அடம் உன் தப்புதான் என்று நீயே ஒத்துக்கொண்டு, சாவியைப் பட்டறைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு நடந்தாய்.

அந்தப் பத்து நாளும் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். மீன் கூடையைப் பார்த்ததும் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஷேர் ஆட்டோ மாறி மாறி நீ வந்து சேர ஒன்பது மணியாகிவிடும். மூன்றாம் நாளே உன் இடத்தில் வேறொருவர் தார்ப்பாய் விரித்துவிட்டார். நீ சாக்கடை ஓரமாக உட்கார்ந்து விற்றாய். மறுபடியும் எஃப்.சி. கிடைக்காவிட்டால் கடையே போய்விடும் என்று என்னிடம் நீ சொன்னபோது உன் குரல் இறங்கியிருந்தது. அதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வெட்டினேன். கனமான தகடு வைத்து உள்ளும் புறமும் வெல்டிங் பிடித்தேன். பிரேக்கையும் முழுக்கப் பிரித்துப் போட்டேன். கடைசியில் பெயின்ட் டப்பாவை எடுத்தபோது நீ கையைப் பிடித்தாய். "அடிக்காத. அவரு செவுளப் பாக்கட்டும்" என்றாய். வெறும் இரும்பைக் காட்டினால் கேட்டுக்கு வெளியே விரட்டுவார்கள், பத்து வருடமாகப் பட்டறை வைத்திருப்பவன் நானா நீயா என்றெல்லாம் கத்திப் பார்த்தேன். உன்னிடம் நடக்குமா?

அதே இன்ஸ்பெக்டர். குனிந்தவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க மட்டும் பெயின்ட் அடிக்கலை?"

"நீங்க பாக்கணும்னுதான் சார்."

தட்டினார். ணங்கென்றது. சுற்றிச் சுற்றித் தட்டினார், எல்லா இடத்திலும் அதே ணங்.  பிறகு அவரே ஏறி வண்டியை விரட்டி, நடு மைதானத்தில் பிரேக்கை மிதித்தார். அப்படியே நேராக நின்றது. புழுதியில் பின்னாலிருந்த சக்கரக் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருந்தன. பானெட் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நீ அப்போது செய்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மீன் கூடைக்குள்ளிருந்து கறுப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தாய். அங்கேயே, அத்தனை பேர் நடுவில், வண்டிக்குக் கீழே நுழைந்து வெல்டிங்மேல் பூசினாய். டிரைவர்கள் கைதட்டினார்கள். அந்த இன்ஸ்பெக்டர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மறுநாள் காலை ஏழுக்கு முன்னாலேயே மிஸ்டு கால் வந்தது. பட்டறையில் நான் போட்ட ஆட்டத்தை நல்லவேளை நீ பார்க்கவில்லை. தார்ப்பாய்க்காரர் தானாகவே சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகும் அந்த ஜீப் இரண்டு எஃப்.சி. பார்த்தது. இரண்டு தடவையும் அதே இடத்தைச் சுரண்டிக் காட்டித்தான் வாங்கினோம், வெல்டிங் அசையவே இல்லை.

இன்று அந்தச் சாரின் வண்டியில் நானே பெயின்ட்டைச் சுரண்டினேன். முகம் சுருங்கிப்போனது அவருக்கு. அடியில் விரல் நுழையும் அளவுக்குத் துரு ஓட்டை; உன் வண்டியைப் போல் உள்ளங்கை அகலமில்லை, இரண்டு நாள் வேலைதான். செவுளைக் காட்டுங்கள் சார், வண்டி தானாகப் பாஸாகும் என்றேன். மனிதர் ஒன்றும் புரியாமல் முழித்தார். தகடு வெட்டி வைத்திருக்கிறேன், நாளைக்கு வெல்டிங்.

திங்கட்கிழமை அவரோடு மைதானத்துக்குப் போவேன். என் பையில் மூடி திறக்காத ஒரு சின்னக் கறுப்பு டப்பா இருக்கும், கூடவே அன்று மைதானத்திலிருந்து திரும்பியதும் நீ என் பட்டறையில் விட்டுப்போன பிரஷ். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறப்பேன், அக்கா.