அவன் கேட்டுவிட்டுக் காத்திருந்தான்

பிள்ளையார்பாளையம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அகிலா,

இது உன் கைக்கே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். தென்னேரியில் உன் மாமா வீட்டுக்கு எதிரே இருக்கும் சுகாசினி, தண்ணீர் பிடிக்க வரும்போது கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். படித்ததும் கிழித்துவிடு.

நீ கொடுத்த நாவலை முடித்துவிட்டேன். காதல் கதையெல்லாம் தொட மாட்டேன் என்று திமிராகச் சொன்னவள் நான். உன்னைக் கிண்டல் செய்ய நாலு பக்கம் படிக்கலாம் என்றுதான் எடுத்தேன். கடைசியில் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தேன். அவனோடு ஒரே லிஃப்டில் போகப் பிடிக்காமல் அவள் ஒன்பது மாடி நடந்து இறங்குகிறாளே, அங்கே சிரித்துவிட்டேன். "கெமிஸ்ட்ரில இன்னாடி சிரிப்பு?" என்று அம்மா கேட்டாள். அவன் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டு அவள் பதிலுக்காகக் காத்திருக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்னிடம் பேச எவ்வளவோ இருந்தது. நீ பள்ளிக்கு வரவில்லை.

மஞ்சள் காமாலை என்றார்கள், நம்பினேன். திங்கட்கிழமை உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, உனக்கு முகூர்த்தப் புடவை வேண்டும், அரக்கு நிறம், பச்சைக் கரை என்று அப்பாவிடம் சொன்னார். உன் பையில் இன்னொரு காதல் நாவல் இருந்ததாம். "எவன் குட்த்தான்னு கேட்டா வாயே திறக்கல. அதான் மாமன் பையனுக்கே முடிச்சிடலாம்னு" என்றார். எவனும் இல்லை, பழைய பேப்பர் கடையில் வாங்கியது என்றேன். "நீயும் அவ கூட்டுதானேம்மா" என்றார்.

தறியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூலுக்கு நாடா தள்ளுவது நான்தான். அந்த இன்னொரு ஆள் இல்லாமல் புடவையில் கரை ஏறாது. நேற்று உன் புடவைக்கு உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். கட்டப்போகிறவள் என்னோடு பதினொன்றாவது படிக்கிற பெண் என்றேன்.  அப்பா தறியை விட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, உங்க டீச்சர் வூடு எங்க?" என்றார்.

இந்திராணி டீச்சர் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். சனிக்கிழமை அவர்களுடைய ஆட்கள் உன் மாமா வீட்டுக்கு வருவார்கள். உன்னைத் தனியாகக் கேட்பார்கள். கல்யாணமே இல்லை, விருந்துக்கு வந்திருக்கிறேன் என்று பெண்ணே சொல்லிவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதானாம். அதைக் கேட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்படிச் சொல்லச் சொல்லி உனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். உன் அம்மா அழுவார். அழட்டும். வாயைத் திற, அகிலா. கல்யாணம் வைத்திருக்கிறார்கள், எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொல். உன்னை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்போவது அந்த ஒரு தடவைதான்.

நீ நன்றாக இருக்க வேண்டும். பெஞ்சில் உன் இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். யாரையும் உட்கார விடவில்லை.

உன்,
சத்யப்ரியா