உப்பும் மாவும்

டிசம்பர் 3, சனி

மரம் வந்துவிட்டது. பிளாஸ்டிக், ஆறடி. மூன்று இரும்புக் கால்களில் ஒன்று குட்டை. லிஃப்ட்காரர் அட்டையை மடித்து அதன் அடியில் செருகிவிட்டு, "இனிமே ஆடாது மேடம்" என்றார். ஆடியது.

என் கணவரை இந்த நோட்டில் லிஃப்ட்காரர் என்றே எழுதி வருகிறேன். ஆய்வகக் கட்டடத்து லிஃப்ட்டில் நான் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டபோது கதவை நெம்பித் திறந்தவர் அவர். கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் "மேடம்" போகவில்லை. போகச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மரத்தில் மாட்ட வீட்டில் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் அம்மா இறந்து மூன்று வருடம். அவர் சேர்த்து வைத்திருந்த கண்ணாடி உருண்டைகளை அப்போதே அவருடைய தம்பி எடுத்துப் போய்விட்டாராம். அக்கா தொட்ட சாமான் என்று. தப்பில்லை.

"மாமா வீட்டு மரத்துலதான் அம்மாவோட உருண்டை எல்லாம் தொங்குது," என்றாள் பெரியவள். என்னிடம் அல்ல, மரத்திடம்.

அந்த மாமா இருபத்தாறாம் தேதி வருகிறார், விடுமுறைக்கு அவளை அழைத்துப்போக. பிடித்திருந்தால் ஜனவரியிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்கட்டும் என்று சொல்லி, பெரிய சிவப்புப் பெட்டி ஒன்றையும் அனுப்பிவிட்டார். கதவுக்குப் பின்னால் நிற்கிறது, வந்த விருந்தாளி போகாமல் நிற்பதுபோல. "அவளே முடிவு பண்ணட்டும்" என்பது லிஃப்ட்காரரின் தீர்ப்பு. பதினொரு வயதுக்காரியின் தலையில் இவ்வளவு பாரமா என்று கேட்டேன். "வேற யார் முடிவு பண்ணாலும் அவ மன்னிக்க மாட்டா" என்றார்.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்: அவள் போகக் கூடாது.

டிசம்பர் 4, ஞாயிறு

"ஏய், அளவு வருது, அளவு வருது." சமையலறையில் பெரியவளின் கிசுகிசுப்பு. சின்னவளின் சிரிப்பு.

அளவு என்றால் நான். அரிசியைக்கூடத் தராசில் நிறுத்துப் போடுகிறேனாம். வந்த முதல் வாரமே டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். அதுவும் குற்றப்பட்டியலில் உண்டு. இருபத்தைந்து வருடமாகக் குடிதண்ணீரைப் பரிசோதிக்கிறவள் அளக்காமல் வேறென்ன செய்வாள்? பட்டப்பெயரில் எனக்கு ஆட்சேபணை இல்லை. "வருது" மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அஃறிணை.

நேரில் பெரியவள் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. என் தோளுக்குப் பக்கத்துக் காற்றிடம் பேசுவாள். சின்னவளுக்கு ஆறு வயது. அவளுக்கு நான் ஆன்ட்டி, பேருந்தில் பக்கத்து சீட்டில் இருக்கும் யாரோ மாதிரி.

அம்மாவாகும் எண்ணம் எனக்கில்லை. அந்த இடம் காலியாகவும் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரே ஓர் இடம்தானா இருக்கும்?

டிசம்பர் 6

மரம் மொட்டையாக நிற்கிறது. சின்னவள் தன் காலுறை ஒன்றை மாட்டியிருக்கிறாள். துவைக்காதது.

டிசம்பர் 8, வியாழன்

சாப்பிடும்போது சொன்னேன்: மாவில் நாமே செய்யலாம், சுட்டு எடுத்தால் கல் மாதிரி ஆகும், நிறமும் கடையில் வாங்க வேண்டாம்.

"மாவுலயா? நாங்க என்ன கைக்குழந்தையா?" பெரியவள், காற்றிடம்.

நான் வாதாடவில்லை. ஊதா முட்டைக்கோஸில் ஒரு துண்டை நறுக்கி வெந்நீரில் போட்டேன். தண்ணீர் ஊதா ஆனது. ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்தேன், இளஞ்சிவப்பு. இன்னொன்றில் சமையல் சோடா, நீலம். சின்னவள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். பெரியவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. ஆனால் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

"இன்னும் சோடா போட்டா?"

"போட்டுப் பாரு."

போட்டாள். பச்சை. தட்டைக் கழுவப் போனாள். இது போதும். வரும் சனிக்கிழமை எனக்கு வேலை. குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

டிசம்பர் 10, சனி

இதை முழுதாக எழுத வேண்டும்.

காலையில் சாறு வடிகட்டி வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜில் குறிப்பு ஒட்டினேன்: "உப்பும் மாவும் 1 : 2. சாறு விட்டுக் கெட்டியாகப் பிசையவும். ஓவன் நூறு டிகிரி, மூன்று மணி நேரம்." மேற்பார்வைக்கு லிஃப்ட்காரர்.

நாலு மணிக்கு வந்தேன். மூன்று பேரும் ஓவன் முன்னால் தரையில், யாரோ இறந்துபோனதுபோல. தட்டில் நட்சத்திரங்கள், குட்டித் தலையணைகளாக ஊதி. விளிம்பு பழுப்பு, நடுவில் பாசி நிறம். தேவதை இரண்டு கன்னமும் வீங்கி, பல்வலிக்காரி மாதிரி இருந்தாள்.

"நூறுல என்ன மேடம் வேகும்? அதான் கொஞ்சம் ஏத்தினேன்," என்றார் லிஃப்ட்காரர். திருகைக் கடைசிவரை திருப்பியிருக்கிறார்.

சின்னவள் வாயெல்லாம் துகள். "ஆன்ட்டி, நட்சத்திரம் நல்லாயிருக்கு. உப்புதான் இல்ல."

உப்பு இல்லையா? மூன்றில் ஒரு பங்கு உப்பு. வாயில் வைக்கவே முடியாதே.

பெரியவள் எழுந்து நின்றாள். மோவாய் மேலே, சண்டைக்குத் தயார். "எழுதினபடிதான் செஞ்சேன்." ஒரு டப்பாவை எடுத்து வந்து மேசையில் டொக்கென்று வைத்தாள்.

என் கையெழுத்து. "உப்பும் மாவு." கேக்குக்காக வாங்கிய, சோடா கலந்த, தானாக உப்புகிற மாவு. பக்கத்து டப்பாவில் "சாதா மாவு". அதுவும் நான் எழுதியதுதான்.

"உப்பும் மாவு ஒண்ணு. ரெண்டாவது என்னன்னு எழுத மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். அதான் சாதா மாவு ரெண்டு போட்டேன்."

குறிப்பைப் படித்தேன். டப்பாவைப் படித்தேன். திரும்பக் குறிப்பை. என்ன ஒரு துல்லியம்!

"நீ படிச்சது சரி. நான் எழுதினதுதான் தப்பு," என்றேன்.

அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். இதில் ஏதோ சூது இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. "சும்மா சொல்றீங்க."

"இல்ல. லேபுல இப்படி எழுதியிருந்தா எனக்கு மெமோ வந்திருக்கும்."

"மெமோன்னா?"

"நான் பண்ண தப்ப எனக்கே எழுதிக் குடுக்கறது."

"நான் குடுக்கலாமா?"

தாள் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஃப்ரிட்ஜில் ஏறியது: "இனிமேல் உப்பு என்றால் உப்பு என்று தனியாக எழுத வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே இரண்டு கையெழுத்து, ஒன்று தலைகீழாக. பெற்றுக்கொண்டேன் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 11, ஞாயிறு

பாசி நட்சத்திரங்களை மாட்டினோம். பிறகு முறையாக உப்புப் போட்டு ஒரு தட்டு செய்தேன். தட்டையாக, கச்சிதமாக வந்தது. பெரியவள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"நல்லாவே இல்ல. உப்பணும்."

அலங்காரப் பொருள் உப்பக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் கூடாது? எந்த விதியில் இருக்கிறது?

உப்பு, சாதா மாவு, அதோடு சோடா: கால் ஸ்பூன், அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன். மூன்று தட்டு. அவளே கோடு போட்டு அட்டவணை எழுதினாள். அரை ஸ்பூன்தான் சரி. ஒரு ஸ்பூனில் குதிரை வெடித்துவிட்டது. சின்னவள் நீல மணி ஒன்றில் எலுமிச்சையைச் சொட்டி, "மச்சம் வெச்சுட்டேன்!" என்று கத்தினாள். இளஞ்சிவப்பு மச்சம். அப்புறம் எல்லாவற்றுக்கும் மச்சம்.

டிசம்பர் 13

எறும்பு. மரத்தின் குட்டைக் கால் வழியாக ஒரே வரிசை, உப்பில்லாத நட்சத்திரங்களுக்கு. "உப்பு எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள் பெரியவள். நொறுக்கிப் பால்கனியில் குருவிகளுக்குப் போட்டோம். ஒன்றை மட்டும் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்றால், "சாட்சி".

டிசம்பர் 17, சனி

முட்டை அட்டையில் மணி, சட்டைப் பொத்தானில் மாலை. நூல் கோக்கும்போது பெரியவள் தானாகப் பேசினாள்.

"அம்மா வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவாங்க. ஒரு தடவ நான் ஒண்ண உடைச்சிட்டேன். திட்டவே இல்ல."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "என்ன கலர்?" என்று கேட்டேன்.

"பச்சை. அந்தப் பாசி மாதிரி இல்ல. நல்ல பச்சை."

டிசம்பர் 19

மூன்றாவது முயற்சியில் ஒரு பச்சை உருண்டை. அவளுடைய மேசையில் வைத்தேன். வெகு நேரம் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றாள்.

இந்த வீட்டில் இதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

டிசம்பர் 20, செவ்வாய்

சிவப்புப் பெட்டி திறந்து கிடக்கிறது. அவளுடைய துணி, பாதிவரை. மேலே ஒரு போர்வை, இரண்டு துண்டு. மீதிப் பாதிக்கு இன்னும் என்ன வைக்கப் போகிறாள்? புத்தகங்களா?

போறாளா? அப்ப இத்தனை நாள் பண்ணதெல்லாம்? — சரி, அவளை இழுத்துப் பிடிக்கவா மாவு பிசைஞ்சேன்? இல்லன்னு சொன்னா அது பொய். போகாதேன்னு சொல்ல நான் யாரு? ஐந்து மாசத்துக்காரி.

யாராக இருந்தாலும் சொல்லலாம். முடிவுதான் அவளுடையது. ஆசை என்னுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. நாளை சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 21

சொன்னேன். "நீ இங்கயே இருக்கணும்னு எனக்கு ஆசை. முடிவு உன்னோடது."

"எதுக்கு?"

மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தேன், வரிசை எண்ணோடு. ஒன்றும் வாயில் வரவில்லை. "நீ போயிட்டா எனக்கு மெமோ யார் குடுப்பா?"

"ம்," என்றாள். அவ்வளவுதான். பெட்டி மூடவில்லை.

டிசம்பர் 25

நல்ல நாள். மரம் ஆடியது, விழவில்லை.

டிசம்பர் 26, திங்கள்

மாமா வந்தார். பெரிய குரல், கை நிறையப் பை. எனக்கு வணக்கம் சொல்லும்போது என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று ஒரு நொடி தடுமாறி, "வாங்க" என்றார், நான் என்னவோ அவர் வீட்டுக்கு வந்ததுபோல. அவர் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மரத்தைச் சுற்றி வந்தார். "என்ன மச்சான், நட்சத்திரத்துக்கெல்லாம் ஊசி போட்டீங்களா? இப்படி வீங்கிக் கெடக்கு?"

"வீங்கல மாமா. உப்பியிருக்கு," என்றாள் சின்னவள், கண்டிப்பாக.

பெரியவள் சிவப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். விடுமுறைக்கு ஒரு பை போதும், அவள் பெட்டியைத்தான் எடுத்தாள். தூக்கி வண்டியில் வைத்தது நான். இருபது கிலோ இருக்கும் என்று நினைத்துத் தூக்கினேன், எட்டுகூட இல்லை. வண்டி நகரும்போது கை காட்டினாள். யாருக்கு என்று தெரியவில்லை. நானும் காட்டினேன்.

டிசம்பர் 29

சின்னவள் வெடித்த குதிரையைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள். லிஃப்ட்காரர் யாரும் கேட்காமலே மரத்தின் குட்டைக் காலை வெல்டிங் வைத்துச் சரிசெய்துவிட்டார். கவலை வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எனக்கும்தான். டப்பாக்களுக்கெல்லாம் புதுச் சீட்டு எழுதினேன். "உப்பும் மாவு" இனிமேல் "கேக் மாவு".

ஜனவரி 2, திங்கள்

வந்துவிட்டாள்!

மாமாதான் கொண்டுவந்து விட்டார். பெட்டியைத் தூக்கப் போன என்னை, "தொடாதீங்க, தொடாதீங்க!" என்று கத்தி நிறுத்தினாள். கூடத்தில் படுக்கவைத்துத் திறந்தாள். ஒரு பாதியில் துணி. மறு பாதியில் போர்வை, துண்டு, காலுறை. ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணாடி உருண்டை. ஒன்பது.

"பதினெட்டு இருந்துச்சு. பாதி எனக்கு, பாதி மாமாவுக்குன்னு கேட்டேன்."

"அக்கா பொண்ணு கேட்டா மாட்டேன்னா சொல்லுவேன்?" என்றார் மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். "அதுக்குப் பதிலா ரெண்டு உப்பின நட்சத்திரம் என் மரத்துல மாட்டியிருக்கா. வீட்டுக்கு வர்றவன் எல்லாம் என்னங்க இதுன்னு கேக்குறான்."

அதற்குத்தான் பாதிப் பெட்டி காலி. அதற்குத்தான் போர்வையும் துண்டும். இருபதாம் தேதியே எல்லாம் தீர்மானித்திருக்கிறாள். பெட்டியைப் பார்த்தும் நான்தான் தப்பாகப் படித்தேன். முதலில் எழுதியதில் தப்பு, இப்போது படித்ததில்.

ஜனவரி 7, சனி

மரத்தைப் பிரித்தோம். கண்ணாடி ஒன்பது, மாவு இருபத்துமூன்று, சாட்சி ஒன்று. வைக்க அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். பெரியவள் சிவப்புப் பெட்டியைக் காலி செய்து கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் அதில் அடுக்கி, அலமாரிக்கு மேலே ஏற்றியாயிற்று. அவளுடைய துணியெல்லாம் பழைய இடத்துக்கே போய்விட்டது.

பெட்டி மேல் சீட்டு ஒட்டியிருக்கிறாள். என்னைப்போலவே கோடு போட்டு, என்னைவிடத் தெளிவாக. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"கிறிஸ்துமஸ். உள்ளே கண்ணாடி. அடுத்த வருஷம்: மாவு. உப்பு (சாப்பிடுற உப்பு). சோடா. எவ்வளவுன்னு மறந்துட்டா அளவைக் கேளு. அவங்க சொல்வாங்க."

சொல்வாங்க.