வீட்டுக்கு ஒரு பிள்ளை

ஞாயிறு, இரவு

புதிய பிள்ளைகள் சேராவிட்டால் எங்கள் குறிசுடும் கழகத்தை மூடவேண்டும். காற்றுத் துவக்கோ இரண்டுதான். ஆகவே எங்கள் சுருவில் ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில், போட்டிக்குச் சுடப் பழக வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தால் போதும் என்று பெருந்தன்மையோடு அறிவித்தேன்.

இன்று பின்னேரம் மைதானத்துக்கு ஒரு தாயும் மகளும் மட்டும் வந்தார்கள். மகள் பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி துவக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாஸ்டர், வன்னியிலை இருக்கேக்கையும் இயக்கக்காரர் உப்பிடித்தான் சண்டைக்குக் கேட்டவை. எங்கட வீட்டிலை மூத்தவனைக் குடுத்தாச்சு."

"அக்கா, இது விளையாட்டு. வெண்டால் பதக்கம் குடுப்பினம்."

"ஓம். அவனுக்கும் குடுத்தவை."

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

உடம்பு அலுப்பு, நித்திரைதான் இல்லை. நாளை அறிவித்தலைத் திருத்தவேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வரலாம் என்று சொல்வது அதைவிட மோசம்.