ஃப்ரீசரில் வைத்த ஊசி

ஏங்க,

சோறு மூடி வெச்சிருக்கேன். வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க. பல் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன். பல் பிடுங்கின இடம் இன்னும் ஆறல. எலும்புத் தேய்மானத்துக்குப் போடுற ஊசிதான் காரணம்கிறார் அவர். ஊசியை நிறுத்தினா முதுகெலும்பு நொறுங்கிடும்கிறார் எலும்பு டாக்டர். நான் யார் பேச்சைக் கேக்கறது?

"சும்மா புலம்பாம அடுத்த ஊசியைப் போட்டுக்கோ"ன்னு நேத்து எரிஞ்சு விழுந்தீங்க. அப்புறம் நீங்களே அது கெட்டுடக் கூடாதுன்னு ஃப்ரீசர்ல தூக்கி வெச்சிருக்கீங்க. கல்லாட்டம் கிடக்கு. உறைஞ்சுபோனா அதைப் போடக் கூடாதுங்க. திட்டல, நல்லதுக்குத்தான் செஞ்சீங்க.

இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: வேற ஊசி வாங்கிட்டு வந்துடாதீங்க. இது வீணாப்போனதைப் பாத்ததும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. முதுகு ஒடிஞ்சாலும் ஒடியட்டும்னு நினைச்சுட்டேன் பாருங்க, அதுதான் பயமா இருக்கு.