முதல் வாய் என்னுடையது

மார்ச் 3

வேலையில் இருந்த காலத்தில், ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், மூக்கைப் பிடிச்சுக்கிட்டா ஆப்பிளும் பச்சை உருளைக்கிழங்கும் ஒரே மாதிரி இருக்கே. அப்ப ருசி நாக்குல இல்லையா?" உடனே வகுப்பு முழுவதையும் மூக்கைப் பிடிக்க வைத்தேன். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று நாக்குக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மூக்கு பார்க்கும் வேலை என்று விளக்கினேன்.

இப்போது எனக்கு மூக்கைப் பிடிக்கவே வேண்டாம். காய்ச்சல் வந்து போய் ஆறு வாரம். வாசனை திரும்பவில்லை. கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பிப்பொடி, சோப்பு என்று நான்கு டப்பாக்கள் வைத்துக்கொண்டு தினமும் மோந்து பழகச் சொன்னார் டாக்டர். வாங்கி அடுக்கிவிட்டேன். ஒன்றையும் திறக்கவில்லை. திறந்து ஒன்றும் வராவிட்டால்?

சனிக்கிழமை பயணம். ஒரே ஆசிரியர் அறையில் காலம் தள்ளிய நான்கு பேர்: கணக்கு, டிரில், பாட்டு, அறிவியலாகிய நான். தெரியாத ஊரில் ஒரு வாரம் தின்பது, பாட்டுக் கேட்பது. வேறு வேலை இல்லை. வியாழக்கிழமை, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடலாம் என்கிற ஒரு அரங்கில் பாட்டு டீச்சர் பாடப்போகிறாள்.

அவளுக்கு நிலக்கடலை ஆகாது. துளி பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் எங்கள் கண்ணெதிரிலேயே விழுந்தாள். அன்றிலிருந்து வெளியில் எங்கே சாப்பிட்டாலும் முதல் வாய் என்னுடையது. கடலை எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். நான் தலையசைத்த பிறகுதான் அவள் கை வைப்பாள். கடைக்காரரைக்கூடக் கேட்பதில்லை.

சொல்ல வேண்டும். சொன்னால் பயணம் நின்றுவிடும் — இல்லை, அது சாக்கு. சொல்லிவிட்டால் இந்தக் கூட்டத்தில் நான் எதற்கு?

மார்ச் 9

வந்து சேர்ந்தோம். மாடியில் மூன்று அறை, கீழே பேக்கரி. படியேறும்போதே மூவரும் நின்று மூச்சை இழுத்தார்கள். நானும் கண்ணை மூடி இழுத்தேன். நன்றாகவே நடிக்கிறேன்.

மார்ச் 10

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தட்டு வந்ததும் கை கழுவப் போவதுபோல எழுந்து, சமையல்கட்டில் எட்டிப் பார்த்து, கடலை போட்டிருக்கிறதா, என்ன எண்ணெய் என்று கேட்டுவிடுகிறேன். திரும்பி வந்து ஒரு வாய் வைத்து, கொஞ்சம் யோசித்து, தலையசைக்கிறேன். சாயங்காலம் பூங்காவில் ஒருவர் குழல் வாசித்தார். மற்றவர்கள் உருகினார்கள். நான் அடுத்த வேளைச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

மூன்று கடை. மூன்று தடவை கை கழுவல். "சுகர் டெஸ்ட் பண்ணியா? இவ்வளவு தடவை எழுந்து போறே" என்றாள் டிரில். கணக்கு சிரித்தாள். நானும்.

மார்ச் 12

எழுதித்தான் ஆக வேண்டும்.

பாலத்தடியில் தள்ளுவண்டிக் கடை. பக்கத்தில் நான்கு பேர் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியைச் சுற்றி அத்தனை கூட்டம். கை கழுவ இடமில்லை, கடைக்காரரிடம் தனியாகப் பேச வழியில்லை. சுட்ட காய்கறி மேல் கெட்டியாக ஏதோ ஒரு குழம்பு. மூவரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். வாயில் வைத்தேன். உப்பு, லேசாக இனிப்பு, வழவழப்பு. அவ்வளவுதான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே?

தலையசைத்துவிட்டேன்.

பாட்டு டீச்சர் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். அந்தத் தொண்டையைப் பார்த்தேன். அப்படியே அவள் கையைத் தட்டிவிட்டேன். தட்டு தரையில்.

கடைக்காரருக்குக் கோபமில்லை, வருத்தம்தான். "என்னம்மா, கடலையை வறுத்து நானே அரைச்ச குழம்பு. பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே."

மேளம் நிற்கவில்லை. அவள் மட்டும் என்னைப் பார்த்தாள். "நீ தலையாட்டினியே."

அறைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், டப்பாக்கள், கை கழுவல். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மூக்கு போனதுக்கு நீ என்ன பண்ணுவே? ஆனா நாலு நாளா என் உயிரை வச்சு சமாளிச்சிருக்கே. என் உயிரைவிட உனக்கு வெட்கம் பெரிசா போச்சா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். பெரிசாகத்தான் போயிருந்தது.

மார்ச் 13

அவள் கீழே போய் பேக்கரிக்காரரிடம் தானே கேட்டு ரொட்டி வாங்கி வந்தாள். என்னோடு பேச்சில்லை. நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று பையை எடுத்தேன். டிரில் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "என்னைத் தாண்டிப் போ பாக்கலாம்." தாண்டவில்லை.

மார்ச் 14

மதியம் பாட்டு டீச்சர் என் கதவைத் தட்டினாள். "வர்றியா இல்லையா? மேடைக்குப் போறப்ப பையைப் பிடிக்க ஆள் வேணும்."

வழியில் ஒரு சூப்புக் கடை. அவளே கணீரென்று கேட்டாள், கடலை உண்டா, என்ன எண்ணெய், கரண்டி தனியா என்று. கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். இருபத்தெட்டு வருடமாக இதை அவள் கேட்க நான் விட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மொதல்ல புளிப்பு. அப்புறம் மழை பெஞ்ச மண்ணு மாதிரி ஒரு வாசனை. காளான்னு நினைக்கிறேன். குடி."

குடித்தேன். புளிப்பு தெரிந்தது. மண்ணை அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அரங்கில் அவள் பெயர் ஆறாவது. கடலை பட்டுவிட்டால் உடனே போட வேண்டிய ஊசி மருந்து இருக்கும் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பாடினாள். ராகம் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கண் அவள் தொண்டையை விட்டு நகரவில்லை. ஏறியது, இறங்கியது, மூச்சு வந்தது, போனது. பையை அத்தனை இறுக்கமாகப் பிடித்திருந்தேனாம். கணக்கு வந்துதான் விரலைப் பிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 2

தினமும் காலை ஏழு மணிக்குப் பாட்டு டீச்சரிடமிருந்து போன். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "தொறந்தியா?" கிராம்பு, இல்லை. எலுமிச்சை, இல்லை. சோப்பு, இல்லை. இன்று காப்பிப்பொடியில் மட்டும் ஏதோ தொட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. இருந்ததா? ஆசையா? இருக்கிறது என்று சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள். வாய்வரை வந்துவிட்டது.

"நிச்சயமாத் தெரியலைடி" என்றேன்.

"சரி. நாளைக்குப் பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

நாளைக்கும் இதேதான்: மூடியைத் திற, கண்ணை மூடி இருபது எண்ணு, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்.