சரை சுற்றிய கிரேக்கப் பேச்சு

14.11.1997, வெள்ளி
புதுக்குடியிருப்பு

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த, கோட்டில் வழக்குப் பேசிய அப்புக்காத்தரை நினைக்க நினைக்க எரிச்சல் வருகிறது. ஓடி வரும்போது மனுசியின் தையல் மெசினை விட்டுவிட்டுப் புத்தகப் பெட்டியை ஏற்றி வந்த மனிதர். போன கிழமை மூன்று தடித்த புத்தகங்களைத் தந்து அரிசி வாங்கினார். என் கடையில் தூள் சாமான் பொதியச் சரை சுற்றத் தாள் இல்லை, எடுத்தேன்.

ஒன்று சட்டம். இன்னொன்று, காதுக்குக் கேட்காத சத்தத்தால் இரும்பில் வெடிப்புத் தேடும் பொறியியலாம். குண்டு போட வரும் கிபிரின் சத்தம் இங்கே போதாதாக்கும். மூன்றாவது, பழைய கிரேக்கத்தில் யாரோ சபையில் பேசிய பேச்சுகள். வன்னியில் பேச்சுக்கா பஞ்சம்?

"முதலாளி, சட்டத்தை முதல்ல கிழியுங்கோ. பேச்சைக் கடைசியா வையுங்கோ," என்றார்.

சட்டத்தின் தாள் தடிப்பு, மடியாது. பேச்சுத் தாள் மெல்லிசு. அதைத்தான் கிழித்தேன்.

இன்று காலை வந்து ஐம்பது கிராம் மிளகாய்த்தூள் வாங்கினார். மத்தியானம் மல்லி. பின்னேரம் திரும்பவும் மிளகாய்த்தூள்.

"என்ன ஐயா, வீட்டில கலியாணமோ?"

சரையைப் பிரித்துத் தூளை முகம் துடைக்கும் லேஞ்சியில் கொட்டினார். தாளைத் தடவி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நாப்பத்தோராம் பக்கம் கிடைச்சிட்டுது," என்று சிரித்தார். "மனுசி அரிசிக்குத் தந்த காசு. அவாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

படித்த விசரன். நாளையிலிருந்து அவருக்கு மட்டும் தேக்கிலையில்தான் சுற்றிக் கொடுப்பேன். அப்போதாவது அரிசி வாங்கட்டும்.