புத்தாண்டன்று வெளியே போகாத நெருப்பு

டண்டீ, நவம்பர் 9

அன்புள்ள பெல்லா,

தேதியை மிஸ் ராட்ரே போட்டிருக்கிறார். வருஷத்தை நான் சொல்கிறேன். டே ஆற்றுக்கு மேலே கார் போகிற பாலம் திறந்து நாலு வருஷம். உன் புருஷன் டேவ் செத்து மூன்று வருஷம். நீ இந்தப் படிக்கட்டில் உன் கீழ்வீட்டை விட்டு அந்த உயரக் கட்டடத்துக்குப் போனது இந்தக் கோடையில்தான். வருகிற பிப்ரவரியில் நாட்டின் காசையே மாற்றப் போகிறார்களாம். இவ்வளவு போதும், யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டு மிஸ் ராட்ரே எழுதுகிறார். இடுப்பு விழுந்து கட்டிலோடு இருந்தாலும் கை எழுதுகிறது. காலையில் என் கணப்பிலிருந்து ஒரு கரண்டி தணல் எடுத்துப்போய் அவர் கணப்பில் போடுகிறேன். பதிலுக்கு இந்த எழுத்து வேலை.

நீ போனதிலிருந்து வீடு செத்துவிட்டது பெல்லா. உன் அடுப்பு கீழே எரிந்த வரைக்கும் என் தரை வெதுவெதுப்பாக இருந்தது, அது எனக்கே தெரியாது. இப்போது காலையில் இறங்கினால் ஆற்றில் கால் வைத்த மாதிரி இருக்கிறது. ஜன்னல் இடுக்கெல்லாம் சணல் திரித்து அடைத்துவிட்டேன். காற்று சாவித் துவாரத்தில் வருகிறது. வீட்டுச் சொந்தக்காரனின் ஏஜென்ட்டிடம் சொன்னேன். "ஜன்னல் எதுக்குய்யா? நீங்க காலி பண்ணினா மொத்தமா இடிச்சிட்டுப் போறோம்" என்கிறான்.

என் பெண்டாட்டி நெல் சணல் ஆலைக்கு வேலைக்குப் போக, இருபத்தேழு வருஷம் நான் வீட்டிலிருந்து கணப்பைக் காத்தவன். "கெண்டி போடுறவன்" என்று ஊரே சிரித்தது. அந்த வேலை ஒன்றுதான் எனக்கு வரும். அதையும் இந்த வீடு தோற்கடிக்கிறது.

உன் பழைய அண்டை வீட்டான்,
வாட்டி ஓகில்வி

(உருளைக்கிழங்குத் தோலை நெருப்பில் போட்டு மூடினால் கரி மிச்சமாம். வீடெல்லாம் நாற்றம். இது நான் எழுதுவது. டீ. ராட்ரே)

---

நவம்பர் 20

அன்புள்ள வாட்டி,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். மிஸ் ராட்ரேவுக்கு என் வணக்கம்.

இங்கே தரைக்குள்ளேயே மின்சாரம் ஓடுகிறது. செருப்பில்லாமல் நடக்கலாம். ஆனால் பன்னிரண்டாம் மாடி. காற்றடித்தால் கட்டடம் அசைகிறது, கோப்பைத் தேநீரில் அலை தெரிகிறது. கணப்பு இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று இன்னும் பழகவில்லை. சுவரைப் பார்த்து உட்காருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பக்கத்து வீடு காலியாகிறது. நகராட்சி வீட்டு அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் செய்ததற்குக் கோபிக்க வேண்டாம். ஒற்றை ஆளாக இருக்கலாம், புருஷன் பெண்டாட்டியாக இருக்கலாம், வேறு யாரையும் சேர்க்கக் கூடாதாம். உங்களுக்கு அது பொருந்தும்தானே. குளிர் முடியும்வரை உங்களுக்காக வைத்திருப்பார்களாம். சாவியை நான் வாங்கி வைக்கிறேன். வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பெல்லா கிட்

---

டிசம்பர் 13

அன்புள்ள பெல்லா,

மின்சாரக்காரர்கள் கூலி கேட்டு முறுக்கிக்கொண்டதில் உங்கள் கட்டடம் இருட்டு என்று கரிக்கார டத்தி சொன்னான். லிஃப்டும் நின்றுவிட்டதாம். கோட்டுப் போட்டுப் படுத்துக்கொள். கதவிடுக்கில் கம்பளத்தைச் சுருட்டி வை. நீ மேலே அடைபட்டுக் கிடக்கிறாய், நான் இங்கே. உன்னிடம் கரி இல்லை, என்னிடம் கரியைத் தவிர ஒன்றுமில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். பன்னிரண்டு மாடி எனக்கு ஆகாது. லிஃப்ட் என்றால் வயிற்றைப் பிரட்டும். வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

வாட்டி

(பெல்லா, இந்த வரியை நான் அவருக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. லிஃப்டுமில்லை, வயிறுமில்லை. அவர் போனால் என் கணப்புக்குத் தணல் கொண்டுவர ஆளில்லை, என் சுவருக்குப் பின்னால் போகிற அவர் கணப்பின் புகைபோக்கியும் ஜில்லிட்டுவிடும். என் அக்கா மகன் என்னை நாதியற்ற கிழங்களைச் சேர்க்கிற பழைய விடுதிக்கு அனுப்பக் காத்திருக்கிறான். இதை என்னையே எழுதச் சொல்ல அவரால் முடியுமா? சாவியை விட்டுவிடாதே. டீ. ராட்ரே)

---

டிசம்பர் 21

அன்புள்ள வாட்டி,

விளக்கு வந்துவிட்டது. நாலு நாள் அடுப்பு மூட்டவே வழியில்லாமல் ரொட்டியும் ஜாமும் தின்றேன்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதற்குமேல் வற்புறுத்த மாட்டேன். அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி மட்டும் அளவெடுத்து வைத்திருக்கிறேன், பச்சை.

பெல்லா

---

ஜனவரி 6

அன்புள்ள பெல்லா,

புத்தாண்டு வாழ்த்து. நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே.

புத்தாண்டு நாளில் வீட்டிலிருந்து நெருப்போ சாம்பலோ வெளியே போகக் கூடாது, வருஷத்து அதிர்ஷ்டமே போய்விடும். உன் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். அன்று விடிந்து மேலே போனால் மிஸ் ராட்ரேயின் கணப்பு அணைந்து கிடக்கிறது. தீக்குச்சி கிழித்துக் கிழித்துப் பார்த்தேன். ஈரக்கரி, புகைபோக்கியில் காற்று கீழ்நோக்கி அடிக்கிறது. அறை முழுக்கப் புகை. அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது.

"கீழேருந்து ஒரு கரண்டி எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"எடுத்துட்டு வந்தீர்னா மூஞ்சில விட்டெறிவேன். உம்ம வீட்டு அதிர்ஷ்டத்தைத் தின்னுட்டு நான் ஒரு வருஷம் கிடக்கணுமா?"

"நெருப்பு வெளிய போகக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? ஆள் உள்ள வரக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

அந்த நேரம் பார்த்து டத்தி, வழக்கப்படி நல்ல சகுனத்துக்கு வருஷத்தின் முதல் காலடி வைக்கக் கரித்துண்டும் விஸ்கியுமாக வந்தான். இருவருமாக அவரை நாற்காலியோடு தூக்கினோம். "ஏலே, சவத்தைத் தூக்குற மாதிரி காலை முன்னால விடாதீங்கடா!" என்று படிக்கட்டு முழுக்கக் கத்தல். கீழே வந்து சேர்ந்தாயிற்று. ஆனால் டத்திக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திரும்ப மேலே தூக்க ஆளில்லை. சுவர்க்குழிக்குள் இருக்கிற கட்டிலில் அவர், கணப்போர நாற்காலியில் நான். ஒரே நெருப்பு, இரண்டு பேர். கரி பாதிதான் ஆகிறது.

வாட்டி

(குறட்டை விடுகிறார். டீ. ராட்ரே)

---

ஜனவரி 14

அன்புள்ள வாட்டி,

படித்துச் சிரித்தேன். மிஸ் ராட்ரேவைச் சீக்கிரம் மேலே கொண்டுபோய் விடுங்கள். வாடகை வாங்க வருகிறவன் பார்த்தால் என்ன சொல்வானோ. அவருடைய வீட்டுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

திரையைத் தைத்து முடித்துவிட்டேன்.

பெல்லா

---

பிப்ரவரி 16

அன்புள்ள பெல்லா,

தபால்காரர்கள் வேலைக்கு வராமல் நாலு வாரம். இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ. அதனால் இதையே டத்தியிடம் வாய்வார்த்தையாகவும் சொல்லி அனுப்புகிறேன்.

நீ பயந்தது நடந்தது. நெருப்பில்லாத மேல்வீட்டில் குழாய் உறைந்து வெடித்தது. ஏஜென்ட் வந்து பார்த்தான். "ஆளில்லாத வீடு, காலி பண்ணினதாத்தான் அர்த்தம்" என்று பூட்டுப் போட்டுவிட்டான். மிஸ் ராட்ரேவைக் குளிரிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று இறக்கிக் கொண்டுவந்து வீடில்லாமல் ஆக்கிவிட்டேன். அக்கா மகன் விடுதி வண்டிக்கு நாள் குறித்தான்.

அப்போதுதான் நீ எழுதியது ஞாபகம் வந்தது. ஒற்றை ஆள், இல்லாவிட்டால் புருஷன் பெண்டாட்டி.

"மிஸ் ராட்ரே, ஒண்ணு கேட்டா பேனாவை வீசக் கூடாது" என்றேன்.

"கேளும்."

கேட்டேன். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள். "எண்பது வயசுல எனக்கு இது தேவையா? வெள்ளை கவுன் எல்லாம் முடியாது. இந்தக் கம்பளியோடதான் நிப்பேன். நிக்கவும் முடியாது, உட்கார்ந்துப்பேன்."

பாதிரியார் வீட்டுக்கே வந்து முடித்துவைத்தார். மூச்சு விட்டால் புகையாக வருகிற அறையில் கல்யாணம். இப்போது அவள் டீனி ஓகில்வி. பதினைந்து வருஷம் மிஸ் ராட்ரே என்று கூப்பிட்ட வாய் இன்னும் தடுமாறுகிறது.

ஆக, நாங்கள் இரண்டு பேராக வருகிறோம் பெல்லா. பனி இளகியதும் டத்தி வண்டியில் தூக்கிக்கொண்டு வருவான். சாவியைப் பத்திரமாக வைத்திரு. நீ மட்டும் இல்லையென்றால் எங்களுக்கு வேறு வழியே இல்லை.

வாட்டி

(எல்லாம் உன் தயவு பெல்லா. டீனி)

---

மார்ச் 10

அன்புள்ள வாட்டி,

தபால் திறந்ததும் உங்கள் கடிதம் இன்று வந்தது. ஆனால் டத்தி அன்றைக்கே வந்து சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் வீட்டு அலுவலகத்துக்குப் போனேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வரமாட்டார் என்று சொன்னேன். கைக்குழந்தையோடு ஒரு இளம் ஜோடி குடிவந்துவிட்டது.

உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை, கெடு முடிந்துவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அப்படி எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இங்கே சுவர் மெல்லிசு வாட்டி. ஒருவர் இருமினால் கேட்கும். இரண்டு பேர் பேசிச் சிரித்தாலும் கேட்கும். பன்னிரண்டாம் மாடியிலிருந்து நான் எங்கே எழுந்து போவது?

மிஸ் ராட்ரே, உங்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. இதை நீங்கள்தான் அவருக்கு வாசிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பதில் எதிர்பார்க்கவில்லை.

பெல்லா கிட்

---

மார்ச் 14

பெல்லா,

டீனி உன் கடிதத்தை வாசித்தாள். நடுவில் நிறுத்தினாள். "மீதியையும் வாசி" என்றேன். வாசித்தாள்.

கோபம் இல்லை என்று எழுதச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பொய் எழுத மாட்டேன். உமக்கு இருக்கு, எனக்கும் இருக்கு." சரி, இருக்கிறது. இந்த வருஷம் முழுக்க இந்த அறைதான் எங்களுக்கு. ஏஜென்ட் இப்போது கீழ்வாசல் கதவையே கழற்றிக்கொண்டு போய்விட்டான். படிக்கட்டில் பனி வந்து விழுகிறது. இவளைத் தூக்கிக்கொண்டு இறங்க எனக்கு வலுவில்லை, விட்டுவிட்டு இறங்க மனமில்லை. உன் மனசு எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் டீனியை அந்த விடுதி வண்டியில் ஏற்றியிருக்க மாட்டேன். அதையும் எழுதச் சொன்னேன், எழுதுகிறாள்.

ஆனாலும் நீ எழுதுவதை நிறுத்தக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

டீனி இந்தப் படிக்கட்டுக்கு வருவதற்கு முன்பே என் நெல் போய்விட்டாள். அவள் எப்படிச் சிரிப்பாள் என்று இவளிடம் நான் சொல்லலாம், இவளுக்குத் தெரியாது. நெல்லின் தம்பி டாட் யுத்தத்தில் கடலோடு போனான். அவள் பக்கத்துத் தறியில் நின்ற மெக் லைட்டன் போன இலையுதிர் காலத்தில் போனாள். தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே அவளோடு ஊர்க்கதை பேசிய ஜெஸ் அதற்கு முந்தின வருஷம். நெல்லுக்கும் எனக்கும் கல்யாணம் செய்துவைத்த பழைய பாதிரியாருக்குக் கல்லறை எழுத்தே தேய்ந்துவிட்டது. உன் டேவும் இல்லை. நெல் சணல் தூசு படிந்த தலைமுடியோடு ஆலையிலிருந்து வந்து என் நெருப்புக்கு முன்னால் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்களில், என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பவள் பெல்லா கிட்.

வாட்டி